நாய்த் தோட்டத்துப் பொன்னியம்மாள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் முதலில் சொல்லாததால்தான் நான் அந்த வருஷம் முழுக்கக் குழம்பிப் போய் அலைந்தேன். இலந்தைக்குட்டை நாய்த் தோட்டத்தில் கல் நட்டுப் புதைத்தவை பத்து நாய்களும் ஒரு கிளியும். கல் நடாமல் புதைத்தது ஒரு குழந்தை. பொன்னியம்மாளின் நாலு மாதப் பெண் குழந்தை. இது அப்போது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. செத்த நாய்களைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு ஒருத்தி இருக்கிறாளே என்று கேலி பேசத்தான் எல்லோருக்கும் தெரியும். நானும் பேசியிருக்கிறேன்.

என் பெயர் திருவேங்கடம். புத்தூர்க்காரன். சர்வே இலாகாவில் செயின்மேனாக இருந்தேன். நிலம் அளக்கிற சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கிற வேலை. மறுமுனையைப் பிடிக்கிறவனும் செயின்மேன்தான், இரண்டு பேருக்குமே மரியாதை கிடையாது. ஐம்பத்து மூன்றில் ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிறந்தபோது, இனி நாம் எந்த ஊர்க்காரர்கள் என்று என் மனைவி சுலோசனா கேட்டாள். வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, பேசாமல் இரு என்று அதட்டினேன். பதில் தெரியாதபோது அதட்டுவது என் வழக்கம். அதற்குப் பிறகு ஏழு வருஷம் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு அந்தக் கேள்வி ஓயவில்லை. இது மதராஸுக்குப் போகும் என்பார்கள், அடுத்த வாரம் இல்லை என்பார்கள், அதற்கடுத்த வாரம் பாதி போகும் என்பார்கள். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற இலந்தைக்குட்டையும் அப்படி ஒரு கிராமம்.

அங்கே ஏரிக்குத் தெற்கே ஒரு பங்களா. ரயில் பாதைக்குக் கல் உடைக்க வந்த வெள்ளைக்கார துரை ஒருவர் கட்டியது. அவருக்கும் துரைசானிக்கும் பிள்ளையில்லை, நாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் செத்தபோது பங்களாவுக்குப் பின்னால், கிணற்றைத் தாண்டிப் புதைத்து, குவாரியிலிருந்தே கல் கொண்டுவந்து, பெயரும் வருஷமும் இங்கிலீஷில் வெட்டி நட்டார்கள். ஊரில் பெரிய பெரிய பண்ணைக்காரர்கள் செத்ததற்குக்கூட அப்படி ஒரு கல் கிடையாது. டாப்ஸி என்கிற நாய்க்கு மட்டும் கல்தச்சன் ஒரு சிலையே செய்து கொடுத்தான். முன்னங்கால்மேல் மூக்கை வைத்துத் தூங்குகிற நாய். ஒரு காது செதுக்கும்போதே உடைந்துவிட்டது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சுவர், இரும்புக் கதவு. ஊர்க்காரர்கள் அதை நாய்த் தோட்டம் என்றார்கள்.

பொன்னியம்மாளின் புருஷன் கோவர்த்தனன் அங்கே தோட்டக்காரனாக வந்து, பிறகு தோட்ட வேலை பிடிக்காமல் நகரியில் தறிக்குப் போய்விட்டவன். வாரத்துக்கு ஒரு நாள் வருவான். அவள் பங்களாவின் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டாள். யுத்த காலத்தில் ஓர் ஐப்பசி மழையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டது. கோவர்த்தனன் நகரியில், துரைசானி மதராஸில், ஏரி உடைத்துக்கொண்டு ஊருக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்.

எங்கள் பக்கத்தில் பல் முளைக்காத குழந்தை போனால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எரிப்பதும் இல்லை, காரியமும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் எங்கேயாவது குழி தோண்டிப் புதைத்து, மேலே முள்ளைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கல் நடக்கூடாது. பெற்றவள் அந்த இடத்தைத் திரும்பப் போய்ப் பார்க்கவும் கூடாது, பார்த்தால் அடுத்த குழந்தை தங்காது என்பார்கள். மழையில் நரி தோண்டும். அவளுக்கு நரி வராத இடம் ஒன்றுதான் தெரிந்தது. சுவர் கட்டின நாய்த் தோட்டம். தூங்குகிற நாயின் கல்லுக்குக் கிழக்கே, கை எட்டும் தூரத்தில், தானே தோண்டித் தானே வைத்தாள். புருஷன் வந்தபோது எங்கே என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதுதான் முறை.

அன்றிலிருந்துதான் அவள் நாய்த் தோட்டத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். போய்ப் பார்க்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள், பெருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. துரைசானி இதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். சுதந்திரம் வந்த வருஷம் கப்பலேறும்போது, என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று நாய்களைக் காட்டி அழுதாளாம். பொன்னியம்மாளும் அழுதாளாம். இரண்டு பேரும் அவரவர் பிள்ளைக்கு அழுதார்கள்.

ஐம்பத்தெட்டு பங்குனியில் எல்லைத் தகராறுக்காக இரண்டு சர்க்காரின் சர்வே ஆட்களும் இலந்தைக்குட்டைக்கு வந்து அளந்தோம். மதராஸ்காரர்கள் தனியாக, ஆந்திரா தரப்பில் நாங்கள் தனியாக. பங்களாக் கிணற்று மூலையிலிருந்து சுவருக்கு அப்பால் இருந்த புளியமரத்துக்கு நேர்கோடு பிடித்தோம். கோடு நாய்த் தோட்டத்துக்குள் போயிற்று. முதன்முதலில் பொன்னியம்மாளைப் பார்த்தது அப்போதுதான். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, கையில் துடைப்பம். என் சங்கிலி தூங்குகிற நாய்க்குப் பக்கத்தில் விழுந்தபோது ஓடிவந்து இரண்டு கையாலும் தூக்கிக் கல்லின் மேல் போட்டாள். தரையில் இழுக்காதே என்றாள். நாய் முழித்துக்கொள்ளுமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில் சொன்னதாக அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

நாங்கள் ஊருக்கு வெளியே அங்கங்கே எழுத்தும் எண்ணும் வெட்டின சர்வே கற்களை நட்டுவிட்டுப் போனோம். வந்தது வினை.

அந்த ஊரில் செங்கல்வராயன் என்றொரு விவசாயி. நல்ல மனிதன், ஆனால் ஊர் மதராஸுக்குத்தான் போகவேண்டும் என்பதில் வெறி. கூட்டம் போடுவான், மனு எழுதுவான், உண்ணாவிரதம் என்று மத்தியானம் வரைக்கும் இருப்பான். புரட்டாசியில் பொன்னியம்மாள் கிணற்றுப் படியில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டாள். புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு, அங்கேயே தங்கை வள்ளி வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டார்கள். பங்களாவில் ஆளில்லை. அந்தப் பக்கம் மாடு தேடிப் போன செங்கல்வராயன் உள்ளே எட்டிப் பார்த்தான். இங்கிலீஷ் எழுத்து, இங்கிலீஷ் எண், வரிசையாகக் கல். அவனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஆந்திராக்காரர்கள் ஏரிக்குத் தெற்கே, ஊருக்குள்ளேயே ரகசியமாக எல்லைக் கல் நட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினான்.

நாய்த் தோட்டம் அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருப்பதாயிற்றே, தெரியாதா என்று நான் பிற்பாடு கேட்டேன். இருக்கிறது என்று தெரியுமாம், உள்ளே போனதில்லையாம். சிலை இருக்கிறதே, அதைப் பார்த்துமா எல்லைக் கல் என்று நினைத்தாய் என்றேன். சர்க்கார் முத்திரையில் சிங்கம் இருக்கிறதே, அது மாதிரி ஏதோ என்று நினைத்தானாம். இதற்கு நான் என்ன சொல்வது.

பட்டப்பகலில் இருபது பேர் கடப்பாரையோடு வந்தார்கள். பதினொரு கல்லையும் பிடுங்கி, வண்டியில் ஏற்றி, ஏரிக்கு வடக்கே கரையோரம் ஒரே வரிசையில் நட்டார்கள். எல்லையை வடக்கே தள்ளியாயிற்று, ஊர் மதராஸ் பக்கம் வந்துவிட்டதாம். கல் இருந்த சுவடு தெரியக்கூடாதென்று சுவரை ஒரு பக்கம் இடித்து, குழிகளை மூடி, ஏர் ஓட்டிக் கொள்ளு விதைத்துவிட்டார்கள். பட்டா நிலம் மாதிரி இருக்கவேண்டுமாம். மேலே ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் பெய்தன.

மார்கழியில் எங்கள் இன்ஸ்பெக்டர் கற்களைச் சரிபார்க்க வந்தார். கடலோர ஜில்லாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. ஏரிக்கு வடக்கே பதினொரு கல்லைப் பார்த்து ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தார். “எவரய்யா ஈ டாப்ஸி?”, யார் இந்த டாப்ஸி என்று தெலுங்கில் என்னைக் கேட்டார். பங்குனியில் பார்த்த நாய்ச் சிலை என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அது எப்படி இங்கே வந்தது என்று என்னையே கேட்பார் என்று பயந்து தெரியாது என்றுவிட்டேன். உண்மையுள்ள தோழி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று என்று கல்லில் இருக்கிறது என்றார். எந்த சர்வேயில் வைத்த கல் என்று தெரியாமல், பழைய எல்லைக் கற்கள் பதினொன்று, வாசகம் விதிப்படி இல்லை, ஒன்று நாய் வடிவம் என்று எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் மேலே போய், டாப்ஸி என்பவர் எந்தக் காலத்து அதிகாரி என்று கேட்டுத் திரும்பி வந்தது.

அதே வாரம்தான் பொன்னியம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு வீடு திரும்பினாள். பின்கட்டுக் கதவைத் திறந்தால் கொள்ளு. கல்லும் இல்லை, பாதையும் இல்லை, இடித்த சுவர் வழியாக ஆடு மேய்கிறது. செங்கல்வராயனைத் தேடிப் போய் அவள் கேட்ட ஒரே கேள்வி, ஏர் எவ்வளவு ஆழம் போயிற்று என்பது. நன்றாக ஆழமாகத்தான் உழுதேன், விளைச்சலைப் பார் என்று அவன் பெருமையாகச் சொன்னானாம். அதற்குப் பிறகு அவள் அந்தக் கொள்ளுக்குள் கால் வைக்கவே இல்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தை மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. துரைசானி இறந்துவிட்டாள், அவளுடைய பிராணிகளின் கல்லறைகள் எப்படி இருக்கின்றன என்று அவள் தங்கை மகள் கேட்டிருந்தாள். அப்போதுதான் மேலே இருந்தவர்களுக்கு டாப்ஸி யாரென்று விளங்கிற்று. கடிதம் மதராஸ் பக்கம் போயிற்று. கிராமம் உங்களுடையது என்று நீங்கள் சொல்லும்போது நாய்களும் உங்களுடையவைதான் என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் கற்களை இருந்தபடியே திரும்ப நடவேண்டும் என்று உத்தரவாகி, அது படிப்படியாக இறங்கி என் தலையில் விழுந்தது. பிடுங்கின செங்கல்வராயனே நடுவதற்கும் ஆள் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு.

கொள்ளுப் பயிரை அறுத்தோம், சுவரைக் கட்டினோம், கற்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினோம். எந்தக் கல் எங்கே என்று பொன்னியம்மாள்தான் சொல்லவேண்டும். மற்ற பத்தையும் பற்றி அவள் கவலைப்படவில்லை, இப்படி இப்படி என்று வாசல்படியிலிருந்தே கையைக் காட்டினாள். தூங்குகிற நாயை மட்டும் நட்டதும், இது இல்லை என்றாள். பிடுங்கி நாலடி தள்ளி நட்டோம். மறுநாள் காலையில் அதுவும் இல்லை என்றாள். மூன்றாவது இடத்தில் நட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பதினைந்து வருஷம் தினம் போன இடம் தெரியாதா என்று எனக்குக் கோபம். அவள் கல்லைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது கல்லில் திரும்பி, கிளியின் கல்லைத் தாண்டி, நாயின் தலைமாட்டில் நிற்பது. கல் எல்லாம் போய் வெறும் வயலாகக் கிடந்தபோது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. இன்றைக்கு இங்கே என்று தோன்றும், நாளைக்கு அங்கே என்று தோன்றும். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

செங்கல்வராயனும் பொறுமை இழந்தான். “நாய்க்கு எந்த எடமா இருந்தா இன்னாம்மா? அது எழுந்து வந்து கேக்கப் போவுதா?”

“நாய்க்கு இல்ல” என்றாள் அவள். “எம் பொண்ணு அங்க கீறா. எங்க கால வெக்கறதுன்னே எனக்குத் தெரியல.”

மழையும் காய்ச்சலும் நரியும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சொல்லி முடித்ததும், இதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கடப்பாரை பிடித்தவர்கள் ஒவ்வொருவராகத் தோட்டத்துக்கு வெளியே போய் நின்றார்கள். செங்கல்வராயன் அங்கேயே குந்தி உட்கார்ந்து, நாலு விரல் ஆழம்தான் போச்சு, நாலு விரல்தான் போச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு என் சங்கிலியை அவள் தூக்கிப் போட்டது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அப்போதுதான் பீல்டு புத்தகம் நினைவுக்கு வந்தது. பங்குனியில் அளந்தபோது கோட்டின் மேல் இருந்ததையெல்லாம் எழுதியிருந்தோம், தூங்குகிற நாயும் அதில் இருக்கும். நாய்களுக்காக அதைத் தேடிப் போக எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாளே சித்தூர் சர்வே ஆபீசுக்கு பஸ் ஏறினேன். இரண்டு தரப்பும் தங்கள் புத்தகத்துக்குப் பிரதி கொடுத்து வைத்திருந்தபடியால் இரண்டுமே அங்கே கிடைத்தன. எங்கள் புத்தகத்தில் கிணற்று மூலையிலிருந்து நாய்ச் சிலைக்கு எழுபத்திரண்டு லிங்க்ஸ். மதராஸ் புத்தகத்தில் அறுபத்து நாலு. ஒரு லிங்க் என்பது சங்கிலியின் ஒரு கண்ணி, முக்கால் அடிக்கும் குறைவு. எட்டு லிங்க்ஸ் வித்தியாசம் என்றால் இரண்டு எட்டு வைக்கிற தூரம். எல்லைக் கணக்கில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். அன்றைக்கு எங்கள் சங்கிலியைப் பிடித்தவன் நான். பங்குனி வெயில். சங்கிலி ஒரு புதரின்மேல் ஏறிக் கிடந்தது, அதை விறைப்பாக இழுக்காமல் சோம்பலில் விட்டுவிட்டேன் என்று ஒரு ஞாபகம். அது அந்த இடம்தானா, வேறு கிராமமா என்று நிச்சயமில்லை. பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்கப் புதர் பெரிதாகிக்கொண்டே போயிற்று, ஊர்தான் தெளியவில்லை. தொய்ந்த சங்கிலி தூரத்தைக் கூட்டித்தான் காட்டும்.

மறுநாள் அவள் கிணற்றடியில் நின்றாள். செங்கல்வராயன் சங்கிலியின் ஒரு முனையை மூலையில் பிடித்தான். நான் புளியமரத்தைப் பார்த்து நடந்தேன். அறுபத்து நாலில் கால் ஒரு நொடி நின்றது. பிறகு எழுபத்திரண்டுக்குப் போய் முளையை அடித்தேன். இரண்டு எண் இருக்கிறது, எது என்று தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று இடம் மாற்றி அழுதவளுக்கு ஒரே ஓர் இடம் வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது அதுமட்டும் இல்லை. என் சங்கிலி தப்பு என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

இதுதான் என்று உறுதியாகச் சொன்னேன். கல்லை நட்டோம். அவள் கோலை வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே வந்து, கல்லுக்குக் கிழக்கே தரையைத் தொட்டாள். செங்கல்வராயன் தேங்காய் உடைக்கலாமா என்று என்னை மெதுவாகக் கேட்டான். அந்தக் குழந்தைக்கு எதுவும் செய்யக்கூடாது என்றேன். பதினொரு கல்லும் இருந்தபடியே நடப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருஷம் எல்லை முடிவாயிற்று. திருத்தணி மதராஸுக்குப் போயிற்று. இலந்தைக்குட்டை ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. செங்கல்வராயன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். இந்த முறை மத்தியானத்தோடு நிறுத்தவில்லையாம். எனக்குத் திருப்பதிக்கு மாற்றல். மலையடிவாரத்து அலிபிரிப் பக்கம் அளந்துகொண்டிருந்த நாட்களில், சங்கிலி எங்கேயாவது புதரில் ஏறினால் கூட இருப்பவனைத் திட்டித் தீர்ப்பேன். ஏன் இத்தனை கோபம் என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

அறுபத்தொன்றில் புத்தூருக்குக் கல்யாணத்துக்கு வந்தபோது மனசு கேட்காமல் இலந்தைக்குட்டைக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். தோட்டம் பளிச்சென்று இருந்தது. கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். கால் கொஞ்சம் இழுத்து நடப்பாள் போல, துடைப்பத்துக்கு நீளக் காம்பு போட்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். தூங்குகிற நாய்க்குப் பக்கத்தில் இல்லை. அங்கிருந்து கிணற்றுப் பக்கமாக இரண்டு எட்டுத் தள்ளி, கல்லும் அடையாளமும் எதுவும் இல்லாத வெறுந்தரையில்.

அறுபத்து நாலு லிங்க்ஸ் அங்கேதான் வரும். கல் அங்கே இருக்க இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“நீ இதான்னு சொல்லும்போது உன் கண்ணு இங்க வந்துட்டுப் போச்சிண்ணா” என்றாள். “அதான் காலைல அங்க, சாயந்தரம் இங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு புத்தகம், இரண்டு எண், வெயில், புதர், தொய்ந்த சங்கிலி. புதர் இந்த ஊர்தானா என்று நிச்சயமில்லை என்பதையும் சொன்னேன்.

“அப்ப இதானாண்ணா?”

“தெரியல பொன்னிம்மா.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, உட்காரச் சொன்னாள். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன்.